ஏழு முதல் ஒன்பது வரை

சிதம்பரத்தில் ஒரு ஓட்டல் மாடியில் இரண்டு நாள் பயிற்சி. மேலாளர்கள் தங்களை எப்படி வளர்த்துக்கொள்வது, குறைந்த நேரத்தில் எப்படி நிறைய வேலை முடிப்பது என்று சென்னையிலிருந்து வந்த ஒருவர் சொல்லிக்கொடுத்தார். நல்ல மனிதர்தான். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதைக் கொண்டுவந்து எங்கள் ஆலையில் நான் பொருத்திய விதத்தில்தான் கோளாறு. கோளாறு என்று எழுதவே கூசுகிறது. அதில் ஒரு மனிதரின் பார்வை போயிற்று.

கடலூரை அடுத்த குடிகாடு பக்கம் ஒரு சிறிய ரசாயன ஆலையில் அப்போது நான் உற்பத்தி மேலாளர். ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு கால்மணி நேரமும் என்ன செய்தேன் என்று எழுதிப் பார்க்கச் சொல்லியிருந்தார் பயிற்சியாளர். பள்ளிக்கூடத்திலிருந்தே வீட்டுப்பாடம் தவறாதவன் நான், எழுதினேன். தினமும் காலை ஏழிலிருந்து ஏழு நாற்பது வரை ஒரே சொல்தான் இருந்தது: பேச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

பேச்சு, இரவு ஷிப்டு சூப்பர்வைசரோடு. காடாம்புலியூர்க்காரர், என் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம். ஆறு மணிக்கே அவர் வேலை முடிந்துவிடும். அவர் ஊர்ப் பக்கம் போகிற கம்பெனி பஸ் ஏழு நாற்பதுக்குத்தான். நான் வரும்வரை காத்திருந்து, எதிரே உட்கார்ந்து டீ குடிப்பார். முந்திரி பூத்தது, பலா காய்த்தது, முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயில் கல்யாணக் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டது என்று பேச்சு ஊர் சுற்றும். பஸ்ஸுக்கு எழுந்திருக்கும்போதுதான், செருப்பைத் தேடிக்கொண்டே, "அப்பறம் சார், அந்த ரெண்டாம் நம்பர் பம்ப்பு கொஞ்சம் மொனகுது, ஒரு பார்வ பாக்கச் சொல்லுங்க" என்பார். நாற்பது நிமிடத்தின் சாரம் அந்த ஒரு வரி.

எங்கள் ஆலையில் கெட்ட செய்தி அப்படித்தான் வரும். பதிவேட்டில் வராது. பதிவேட்டில் எழுதினால் யாருக்காவது மெமோ போகும். அந்த யாரோ இன்னொருவருக்கு மச்சானாக இருப்பான். அதனால் பதிவேடு முழுக்க 'இயல்பு' என்றே இருக்கும். பழுது எல்லாம் வாய்வழியாக, பெயர் இல்லாமல் வரும். நானும் பெயர் கேட்காமல் சரிசெய்ய ஆள் அனுப்புவேன். பதினோரு வருஷம் அந்த ஆலையை அப்படித்தான் ஓட்டினேன். ஓட்டியவனே அதை மறந்துவிட்டேன்.

ஏழு முதல் ஒன்பது வரை கதவைச் சாத்தினேன். போனை அணைத்து மேசை இழுப்பறையில் போட்டேன். சூப்பர்வைசர்களுக்குப் போனிலேயே ஒரு படிவம் கொடுத்தேன். ஐந்து கேள்வி, சரி என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. இனி எனக்காகக் காத்திருக்க வேண்டாம், கேன்டீனில் ஓய்வெடுங்கள் என்று காடாம்புலியூர்க்காரரிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். "சரிங்க சார், ஒங்களுக்கும் வேல ஜாஸ்தி" என்று போய்விட்டார். ஏழு நாற்பது பஸ்ஸில் போகிறவர் ஒன்பது மணிக்குத் திறக்கிற கதவுக்கு எப்படி வருவார் என்று நான் யோசிக்கவில்லை. அந்த பஸ் நேரத்துக்கு ஒப்புதல் கொடுத்தவனே நான்தான்.

வேலை பிரமாதமாக நடந்தது. அறிக்கைகள் கெடுவுக்கு முன்னால் போயின. தலைமை அலுவலகத்தில் பாராட்டினார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு. படிவங்கள் நாள்தோறும் பச்சையாகவே வந்தன. நான் கேன்டீனுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஆனாலும் சில நாள் சாப்பிட உட்காரும்போது ஒரு நினைப்பு வந்தது. அமிலம் ஓடுகிற ஆலை வாரக்கணக்கில் ஒரு குறையும் சொல்லாமல் இருந்ததே கிடையாது. அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் தள்ளி வைத்தேன். வீண் கவலையும் நேர விரயம்தான் என்று பயிற்சியில் குறிப்பெடுத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை ஏழு இருபதுக்குக் காடாம்புலியூர்க்காரர் வந்து நின்றார். கதவில் கண்ணாடி உண்டு. சிதம்பரத்தில் நடக்கவிருந்த அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு, தினமும் நாற்பது நிமிடத்தை எப்படி மீட்டேன் என்று தயாரித்துக்கொண்டிருந்தேன். ஒரு விரலால் இரண்டு முறை தட்டினார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளங்கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அவர் சட்டையின் நீலம் கண்ணாடியில் தெரிந்தது. பிறகு இல்லை. கவனம் சிதறாமல் இருந்ததற்காக என்னையே மெச்சிக்கொண்டேன்.

பஸ் கிளம்பியது. அவர் அதில் ஏறவில்லை. அமிலப் பம்ப்பில் ஒரு வாரமாகக் கசிவு இருந்திருக்கிறது. மனசு கேட்காமல் அதைப் பார்க்கத் திரும்பிப் போயிருக்கிறார். ஷிப்டு முடிந்ததால் கண் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டிருந்தார். அவர் குனிந்தபோது பம்ப்பின் சீல் விட்டு, அமிலம் முகத்தில் பீய்ச்சி அடித்தது. சைரன் கேட்டு நான் ஓடியபோது இரண்டு பேர் அவர் முகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தவில்லை. பம்ப்பை நிறுத்தியாச்சா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடலூரில் முதலுதவி செய்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். ஒரு கண் முழுதும் போயிற்று. இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் தெரியும் என்றார்கள். மூன்றாம் நாள் அங்கே பார்க்கப் போனேன். அவர் மனைவி காபி வாங்கப் போன நேரத்தில், படிவத்தில் ஏன் சிவப்பு போடவில்லை என்று கேட்டேன். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்டேன்.

"செவப்பு போட்டா யாரு பாத்த பம்ப்புன்னு கேப்பாங்க. அத பாத்துக்கிறவன் ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கினவன், மூணு பொம்பளப் புள்ளைங்க. அதான் வாயால சொல்லிடலாம்னு வந்தேன்."

"தட்டுனீங்க. பாத்தேன்" என்றேன்.

கட்டுப் போட்ட முகம் என் பக்கம் திரும்பியது. கையால் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விசாரணைக்கு வருவாங்க. நான் தட்டுனத சொல்லிடாதீங்க, ஒங்களுக்குத்தான் கெடுதல். பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு, சும்மா பாக்கப் போனேன்னு நான் சொல்லிக்கிறேன்."

அப்படிச் சொன்னால், வேலை நேரம் முடிந்த பிறகு, கவசம் இல்லாமல், யாரையும் கேட்காமல் போனது அவர் குற்றம் என்று ஆகிவிடும். கிடைக்க வேண்டிய நஷ்டஈடும் கிடைக்காது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கையை உதறிக்கொண்டு முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி. மாடிப்படி இறங்கும்போதுதான் அது நிம்மதி என்று புரிந்து, பயந்துபோய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுவாரம் விசாரணைக்கு இருவர் வந்தார்கள். படிவங்களை அச்செடுத்து என் மேசைமேல் அடுக்கிப் பார்த்தார்கள். எல்லாம் பச்சை. எங்கள் பதிவு முறை தெளிவாக இருக்கிறது என்று ஒருவர் பாராட்டினார். கடைசியில் ஒரு தாளை நீட்டினார். விபத்துக்கு முன் யாராவது உங்களிடம் ஏதாவது சொல்ல வந்தார்களா என்று அதில் கேட்டிருந்தது. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.