கண்ணுக்கு நேரே இருந்த பல்

எனக்கு வலித்த பல் மேல்வரிசையில், இடது கண்ணுக்கு நேர் கீழே இருந்தது. கீழ்வரிசையில் இருந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. கீழ்ப்பல்லுக்கு எங்கள் ஊரில் யாரும் பயப்படமாட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வரும் வழியில் சந்தையில் மரச்சீனிக் கிழங்கும் வாங்கிக்கொண்டு வருவார்கள். மேல்பல் அப்படியில்லை. மேல்பல்லைப் பிடுங்கினால் அந்தப் பக்கத்துக் கண் போய்விடும். இதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை, எங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருந்தாள். என் அம்மா.

அம்மாவுக்கு இடது கண் கிடையாது. அதே பக்கத்தில் ஒரு மேல்பல்லும் கிடையாது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, திருவிழாச் சந்தையில் குறடும் கையுமாக உட்கார்ந்திருந்த ஊர்சுற்றி ஒருவனிடம் பல்லைக் காட்டினாளாம். அவன் பிடுங்கினானாம். வீடு வந்து சேர்வதற்குள் கண்ணில் ரத்தம் கட்டி, பார்வை இருட்டிப் போனதாம். யார் கேட்டாலும் அம்மா இதை ஒரே மாதிரி சொல்வாள். அருமனைக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பில் அவள் கதை தெரியாத வீடு கிடையாது. மேல்பல் வலிக்கிறவர்கள் எல்லாம் கிராம்பைக் கடித்துக்கொண்டு, கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, பல் தானாக விழுகிற வரைக்கும் கிடந்து புழுங்கினார்கள்.

விலக்கு என்றால் அப்பா ஒருவர்தான். அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர், பிறகு ஜெபக்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று குடியை விட்டவர் என்று சபையில் அவரைப் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அவர் சத்தம் போட்டுப் பேசிக் கேட்டதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது ஒருநாள் அவருக்கு மேல்பல் வலித்தது. காலையில் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனார், பிடுங்கிக்கொண்டார், திரும்பி வந்து கஞ்சி குடித்தார். நான் அவர் கண்ணையே பார்த்துப் பார்த்து நடுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"ஆம்பிளைக்கு ஒண்ணும் ஆவாது மக்கா. பொம்பிளைக்குத்தான் கண்ணு போவும்," என்றாள்.

அந்த வயதில் எதைத்தான் நம்பமாட்டோம்? நம்பினேன்.

எனக்குப் பல்வலி வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், நான் லேஸ் பின்னப் போய்க்கொண்டிருந்த காலம். மிஷன் பங்களாவை ஒட்டி ஒரு நீளமான ஓட்டுக் கொட்டகை. உருண்டைத் தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் அச்சுத் தாளை விரித்து, குண்டூசிகளை வரிசையாகக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். எங்கள் லேஸ் கப்பலேறிச் சீமைக்குப் போகும். கண் மங்கியவர்களுக்கு அங்கே வேலை இல்லை. எனக்கு முன்னால் இரண்டொருவரை, கொட்டகையை நடத்திய வெள்ளைக்கார மிசியம்மா அன்பாகப் பேசியே வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். வீட்டுக்குப் போனால் என்ன? அடுப்பு. அடுப்புக்குப் பிறகு கல்யாணம். ஒற்றைக்கண்ணியைக் கட்டிக்கொள்ள வருகிறவன் எந்த லட்சணத்தில் இருப்பான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும்தான் என் நேரமாக இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு ஒரு பல்லைப் பிடுங்கிக்கொள்ள நான் என்ன பைத்தியக்காரியா?

பல்லுக்கு இந்த நியாயமெல்லாம் புரியவில்லை, சவம். முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலித்தது. பிறகு சூடு பட்டால். பிறகு ஒன்றும் படாமலே. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், யாரோ சொன்னார்கள் என்று எருக்கம்பாலைத் தொட்டு வைத்து ஈறைப் புண்ணாக்கிக்கொண்டேன். சோற்றைக் கண்டாலே அழுகை வந்தது.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போட்டா அம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போவண்டாம்," என்றாள் அம்மா. "எனக்க கதி ஒனக்கும் வரணுமா? எங்கயும் போவண்டாம். பைய கொறயும்."

எங்கே குறைந்தது? பிடுங்கினால் கண் போகும். பிடுங்காவிட்டால் வலி என்னைப் பின்னவிடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது கன்னம் வீங்கி, இடது கண் இடுங்கி மூடிக்கிடந்தது. சரி, பிடுங்காமலே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அழுதுகொண்டே கொட்டகைக்குப் போய், அழுதுகொண்டே தலையணையை எடுத்து மடியில் வைத்தேன். மிச்சமிருந்த ஒரு கண்ணால் கொஞ்சம் பின்னவும் செய்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. கண் போகத்தான் போகிறது என்றால், போவதற்கு முன்னாலேயே அது இல்லாமல் பின்னப் பழகிவிட்டால் என்ன?

வீக்கம் வடிந்து கண் திறந்த பிறகும், கண்வலி என்று பொய் சொல்லி இடது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டே போனேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், நான் பட்ட பாடு தெரியும். குண்டூசி இருக்கிற இடம் ஒன்று, கை போகிற இடம் வேறொன்று. விரலெல்லாம் குத்து. வெள்ளை நூலில் ரத்தப்பொட்டு.

"இது இரத்தம் அல்லவா? இதை நீ மறுபடியும் செய்வாயாக," என்றாள் மிசியம்மா. அவள் பேசும் தமிழ் முழுக்க வேதப்புத்தகத்துத் தமிழ். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் பல் வலித்தது, சிரிப்பை விழுங்கிக்கொண்டு பின்னினதைப் பிரித்தேன்.

மெள்ள மெள்ள ஒரு வழி பிடிபட்டது. இடது கைச் சுண்டுவிரலால் ஊசியின் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு குச்சியைப் போட்டால் தப்பாது. கண் செய்கிற வேலையில் பாதியை விரலுக்குக் கொடுத்தேன். வலி மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சில சமயம் துணிக்கட்டுக்கு உள்ளே கண்ணீர் ஊறி, கட்டே நனைந்துவிடும்.

கடைசியில் சட்டைக் கையின் ஓரத்தில் வைத்துத் தைக்கிற ஒரு கைப்பட்டி லேஸ் முடித்தேன். இரண்டு கண்ணாலும் முன்பு பின்னி வைத்திருந்த அதன் ஜோடியையும் எடுத்துப் போய், இரண்டையும் மிசியம்மாவின் மேசைமேல் வைத்தேன். அவள் பூதக்கண்ணாடியை வைத்து ஓரம் ஓரமாகப் பார்த்தாள். "இரண்டும் நன்றாயிருக்கிறது," என்று சொல்லி ஒரே பெட்டியில் போட்டுவிட்டாள்.

நான் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குமுறிக் குமுறி அழுதேன். சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணைக் கொடுத்துவிடலாம் என்று ஆன பிறகுதான் அந்தக் கண்ணின்மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் வந்தது. கட்டை அவிழ்த்துவிட்டு அந்த ஒரு கண்ணால் மட்டும் சிதறால் மலையைப் பார்த்தேன். உச்சிப்பாறை துல்லியமாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை பல் பிடுங்கும் நாள். அம்மாவிடம் சொல்லாமல் கிளம்பினேன். வழியில் ரப்பர் மரம், குளம், ஆடு என்று எல்லாவற்றையும் இரண்டு கண்ணாலும் விழித்து விழித்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஆஸ்பத்திரியில் என் முறை வந்ததும் எழுந்து வாசல்வரை ஓடிவிட்டேன். பிறகு, பழகினது வீணாகப் போகிறதே என்று தோன்றியது. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்பவுண்டர் என் தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். இனி ஓட முடியாது.

"கண்ணு போவுமா டாக்டரே?" என்று கேட்டேன்.

"நான் பிடுங்கின பல்லுக்கெல்லாம் கண்ணு போயிருந்தா இந்தத் தாலுகாவில் ஒருத்தருக்கும் கண்ணு இருக்காது. வாயைத் திறம்மா," என்றார்.

அவருக்கென்ன, சொல்வார். அவர் என் அம்மாவைப் பார்த்ததில்லை. இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். மரத்துப்போக ஊசி போட்டார். குறடு வந்தது. மண்டைக்குள் கறுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பல் பீங்கான் கிண்ணத்தில் போய் விழுந்தது. இத்தனை நாள் என்னை ஆட்டி வைத்தது அந்தச் சின்ன எழவுதான்.

வீட்டுக்குத் திரும்பும்போது இடது கண்ணைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூடியபடியே நடந்தேன். பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, வருவது வரட்டும் என்று திறந்தேன். மலை இருந்தது. பாறை இருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாயில் பஞ்சோடு போய் நின்றவளைப் பார்த்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "என்ன காரியம் செய்தேட்டி!" என்று அழுதாள். ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். கண் தெரிகிறதா என்று அவள் கேட்கவே இல்லை. என் கன்னத்தைத் தடவினாள், பஞ்சை மாற்றினாள், கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

விடிந்தது. கண் தெரிந்தது. அடுத்த நாளும் தெரிந்தது. ஈறு ஆறி, நான் மீன்குழம்பு ஊற்றிச் சோறு தின்னத் தொடங்கின பிறகும் தெரிந்தது. ஒரு மத்தியானம் அம்மா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே முற்றத்தில் கருப்பட்டியை ஓலையில் பொதிந்துகொண்டிருந்தார். நான் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"எனக்குப் போவல்லியே. ஒனக்கு மட்டும் எப்பிடிம்மா போச்சு?"

அவள் உரித்த கிழங்கையே திரும்ப உரித்தாள். "அவன் குறட நல்லா பிடிக்கல்ல."

"பொய்யி."

"பொய்யிதான்," என்றாள் அம்மா. சத்தமே இல்லாமல் சொன்னாள். "பல்லு பிடுங்கவே இல்ல மக்கா. நான் சந்தைக்கும் போவல்ல. ஒனக்க அப்பன் குடிச்சிட்டு வந்து ஒரு அடி அடிச்சாரு. பல்லும் கண்ணும் ஒண்ணா போச்சு."

முற்றத்தில் ஓலை சரசரத்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பாவின்மேல் வரவேண்டிய கோபம் முதலில் அம்மாவின்மேல்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவள் அவள்தானே.

"ஒனக்க பொய்யிக்கு நான் கண்ணக் கட்டிட்டு குருடி மாதிரி இரிந்தேன், தெரியுமா? வெரலெல்லாம் பாரு. நான் ஆஸ்பத்திரிக்குப் போட்டான்னு கேட்டப்பவாவது சொல்லப்பிடாதா?"

"எப்பிடிச் சொல்லியது? அவரு குடிய விட்டாரு. சபையில எந்திச்சு நின்னு விட்டாரு. பொறவு நான் போயி இந்தக் கதய சொல்லணுமா? ஒன்ன வளக்கண்டாமா?" கிழங்கைச் சட்டியில் போட்டாள். "ஒனக்கு கண்ணு போவல்லேன்னா எல்லாரும் கேப்பினும் மக்கா. இப்பம் நீயே கேட்டல்லா."

அம்மா வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, வாயைத் திறந்து காட்டினாள். வலது பக்கத்து மேல்வரிசையில் ஒரு பல் கருகிக் குழியாகி, ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

"எத்தன நாளா?"

"நீ லேசு பின்னப் போறதுக்கு முன்னால இருந்தே."

வருஷக்கணக்கு. கன்னத்தில் கை வைத்தபடி அவள் உட்கார்ந்திருப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஒரு கண் இல்லாதவள் அப்படித்தான் சாய்ந்து உட்காருவாள் என்று நினைத்திருந்தேன்.

"ஒனக்குத்தான் கண்ணு போவாதுன்னு தெரியுமே. பொறவு என்ன பயம்?"

"போவாதே," என்றாள் அம்மா. "அதுதான் பயம். இதப் பிடுங்கி இந்தக் கண்ணு நல்லா இரிந்தா, மத்தக் கண்ணு எப்பிடி போச்சுன்னு கேக்கமாட்டினுமா?"

அந்த வாரம் முழுக்க நான் அவளை விடவில்லை. முரண்டு பிடித்தேன், சாப்பிடமாட்டேன் என்றேன், கெஞ்சினேன். வியாழக்கிழமை காலையில் பார்த்தால் அம்மா எனக்கு முன்னாலேயே குளித்து, வெளுத்த புடவை கட்டி நின்றாள். முற்றத்தில் அப்பா ஓலையும் கருப்பட்டியுமாக உட்கார்ந்திருந்தார்.

"எங்கட்டி போறிய ரெண்டுபேரும்?"

நான் ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"பல்லு பிடுங்க."

"கீழ்ப்பல்லா?" என்றார் அப்பா.

"மேல்பல்லு," என்றாள் அம்மா.

அப்பா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். முகத்தின் இடது பக்கத்தை அவர் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான். கையில் ஓலை அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரிக்குக் குளத்தங்கரை வழியாக ஒரு குறுக்குப்பாதை உண்டு. அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லா வீட்டு வாசலும் பார்க்கிற ஊர்ப்பாதையிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.