லாரிச் சத்தத்தில் மறைத்த வரி

அந்த ஆவணப்படத்தில் எனக்குக் கிடைத்த வேலை, சத்தத்தைச் சுத்தம் செய்வது. கருங்கல் என்கிற ஊரில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் வந்தால் சபைப் பாடகர் குழு, கொடை வந்தால் கோயில் விளம்பரம், தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் ஒரே தொண்டை. இப்படியே ஓடி ஓடி என் காது தேய்ந்துபோய்விட்டது. வீட்டில் மிக்சி ஓடினாலே எழுந்து வெளியே போய்விடுகிறேன். அப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து வந்த டைரக்டர் பெண் ஒரு ஹார்ட் டிஸ்க்கை என் மேஜையில் வைத்தாள். போராட்டங்களில் மக்கள் பாடுகிற பாட்டுகளைப் பற்றிய படம். நம் மாவட்டத்துப் பகுதிக்கு நம் பேச்சு விளங்குகிற ஆள் வேண்டும் என்று யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

"பாட்டை விட லாரிதான் அதிகமா கேக்குது அண்ணா. ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

அது எனக்குப் புதிய செய்தி இல்லை. அந்தப் பாட்டைப் பாடியது என் அக்கா.

அக்காவின் ஊரை ஒட்டிய மலையைச் சில வருடங்களாக வெடி வைத்து உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடிவாரத்திலேயே கிரஷர். மலை ஜல்லியாகி, டிப்பர் லாரியில் ஏறி, மேற்கே மாநில எல்லை தாண்டிப் போகிறது. கிணறு வற்றி, சுவர் விரிந்து, சமையலறை வரைக்கும் தூசி வந்த பிறகு ஊர்ப் பெண்கள் லாரி போகிற சாலையோரம் ஓலைப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் சபையில் பாடுகிற கீர்த்தனைகளைத்தான் பாடினார்கள். லாரிக்காரர்கள் கேட்டு ரசித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் அக்கா ஒரு நாள் எழுந்து மலைக்கு ஒப்பாரி வைத்தாள். சாவு வீட்டில்கூட ஜெபமும் கீர்த்தனையும் என்று ஆகிவிட்ட குடும்பம் எங்களுடையது. இவளுக்கு ஒப்பாரி எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழ, அக்கா ஒரு கைப்பிடி மண்ணை வாரித் தூற்றிக்கொண்டே பாடினாள்:

"மேகம் இறங்கின மலையே – உன்ன
மெஷினு தின்னுதே மலையே
உன்ன அரைச்சவன் நெஞ்சுக்குள்ள
கல்லு விளையட்டு மலையே."

அன்று சில டிரைவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்களாம். மண் வாரித் தூற்றினால் எங்கள் பக்கத்தில் எவனும் சாபத்துக்குப் பயப்படுவான், அவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி.

இதில் சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. அக்காவின் கணவர், என் அத்தான், அந்தக் கிரஷரில்தான் வேலை பார்த்தார். ஊரில் பாதி வீட்டில் இதே கதைதான். மனைவி பந்தலில், புருஷன் மிஷினடியில். அத்தான் பந்தலைத் தாண்டிப் போக வெட்கப்பட்டுத் தோட்டம் வழியாகச் சுற்றி வேலைக்குப் போவார். சாயங்காலம் இருவரும் வீட்டுக்கு வந்து, மலையைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசாமல் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடுவார்கள். டைரக்டர் பெண் வந்து படம் பிடித்துப் போன பிறகு பந்தல் பிரிந்தது. வழக்கு எங்கேயோ நடக்கிறது. லாரி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

போன வருடம் அத்தானுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, நெஞ்சுக்குள் கல்பொடி படிந்து இறுகிவிட்டது, இனி வெளியே எடுக்க வழியில்லை என்றார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாப் பெண்களும் உட்காருவதுபோலத்தான் என்று அப்போது நினைத்தேன்.

படம் என் கைக்கு வந்திருப்பது தெரிந்து அக்கா ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஏசி அறையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள்.

"மக்கா, அந்தக் கல்லு விளையட்டுங்குற வரிய மட்டும் எடுத்துப் போடுலே."

"என்னத்துக்கு? அதுதானே பாட்டுக்க உசிரு."

"எனக்க வாயில உள்ள சனியன் அது. முதலாளிய நெனச்சு விட்ட சாபம், எனக்க வீட்டுக்குள்ளயே வந்து விழுந்து கிடக்கு. அவுரு அந்தப் படத்தப் பாக்காம இருக்க மாட்டாரு. கேட்டாருன்னா என்ன நினைப்பாரு?"

தூசியால் வந்த நோய், சாபத்தால் வந்ததில்லை, கூட வேலை பார்த்தவர்களுக்கும் வந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். கேட்டுக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. எனக்கு அவள்மீது கோபம்கூட வந்தது. மலையைத் தின்றவன் நிம்மதியாகத் தூங்குகிறான், பாடினவள் குற்றவாளியாக உட்கார்ந்திருக்கிறாள்.

டைரக்டரைக் கூப்பிட்டேன். காரணத்தைச் சொல்லக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள். காரணமில்லாமல் கேட்டால் எவள் ஒத்துக்கொள்வாள்?

"அந்த வரிக்காகத்தான் அண்ணா படமே. அவங்களுக்குப் பிடிக்கலைன்னா முழுப் பாட்டையும் எடுத்துடறேன். பாதியா வெட்ட மனசு வரல" என்றாள். அந்தப் பெண் சொன்னதிலும் தப்பில்லை.

முழுப் பாட்டையும் எடுத்தால் மற்றப் பெண்கள் அக்காவைச் சும்மா விடமாட்டார்கள். வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து கிடந்ததற்கு அந்தப் படத்தில் முகம் தெரிவதுதான் மிச்சம் என்று இருந்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். பாட்டு முழுவதும் லாரியை இழைத்து இழைத்து எடுத்தேன். அந்த வரி வரும் இடத்தில் மட்டும் ஒரு லாரியை முழுசாக ஏற்றிவிட்டேன். காலமெல்லாம் சத்தத்தை எடுத்துப் பிழைத்தவன், முதல் தடவையாகச் சத்தத்தைப் போட்டேன்.

டைரக்டர் கேட்டுவிட்டு, "அந்த வரி மட்டும் போயிடுச்சே" என்று வருத்தப்பட்டாள். "கிளீன் பண்ணினா அதுவும் சேர்ந்து போகுது" என்று புளுகினேன். பிறகு அவளே, "பரவாயில்ல, கீழே சப்டைட்டில் இங்கிலீஷ்ல வந்துடும்" என்றாள். அக்காவிடம் இதைச் சொன்னபோது முதலில் பயந்தாள். பிறகு, "அவுருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதுல்லா" என்று மூச்சு விட்டாள். ஊருலகமெல்லாம் தெரிந்துகொள்ளட்டும், அந்த ஒரு மனுஷனுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் அவளுக்கு.

படத்தை ஊரில் சபை ஹாலில் போட்டார்கள். அத்தான் வரவேண்டாம் என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "எனக்க பொண்டாட்டி படத்துல வாறா, நான் பாக்கண்டாமா?" என்று ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். காற்று வேண்டும் என்று வாசலோரம் நாற்காலி போட்டுக்கொண்டார். பாட்டு வந்தது. பெண்கள் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். திரையில் அக்காவின் முகம் மட்டும் பெரிதாக நின்றது. அந்த இடத்தில் லாரி உறுமிக்கொண்டு போனது. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, கல்லு விளையட்டுன்னு எப்பம் பாடினே?"

நான் முட்டாளைப்போல, "அந்த இடத்துல லாரிச் சத்தம்லா அத்தான்" என்றேன்.

"கிரஷரில வேற என்ன கேக்கும் மாப்ளே? வாயப் பாத்துத்தான் அங்க எல்லாரும் பேசிக்கிடுவோம்."

இத்தனை வருடம் அவரோடு பழகியும் எனக்கு இது தெரியவில்லை. பேசும்போது முகத்தையே உற்றுப் பார்ப்பார், அது அவர் சுபாவம் என்று விட்டிருந்தேன்.

அக்கா அழ ஆரம்பித்தாள். "நான் முதலாளியத்தான் நெனச்சேன். கர்த்தர் சாட்சி. உங்கள நெனக்கல்ல."

அத்தான் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டார்.

"தெரியும்ட்டி. ஆனா நீ அரைச்சவன்னு பாடிப்போட்டே. அவன் எப்பம் கல்லு அரைச்சான்? ஏசி காருல வருவான், கண்ணாடிய இறக்கமாட்டான். அரைச்சது நாந்தானே."

என்னால் அந்த அறையில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து, இனி சாகும்வரை பாட்டுக்கு வாய் திறக்கமாட்டேன் என்றாள்.

"பாடாம பின்ன?" அவருக்குக் கோபம் வந்து இருமல் வந்தது. இருமி முடித்துத்தான் பேசினார். "லாரி நிண்ணுட்டா? பாடு. அரைக்க வச்சவன்னு பாடு."

அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழுகையோடே, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, மாற்றிய வரியைச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"தாளம் இடிக்கு" என்றார் அத்தான். "இன்னொருக்க சொல்லு."