இல்லாதவளுக்கு வாங்கிய பங்கு

இருபத்திரண்டு வருஷமாகத் தங்கையனுக்கு அக்காள் மேல் ஒரு ஆத்திரம். அவளுக்காகப் பொய் சொல்லப் போய், மலையில் மூன்று வருஷம் கறிப்பங்கு இல்லாமல் நின்றவன் அவன். கோயிலில் கெடா வெட்டினால் ஊரில் உள்ளவர்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு. பங்கு இல்லையென்றால் ஊரிலேயே ஆள் இல்லை என்று அர்த்தம். அதைப்பற்றி அக்காள் மாரியாயி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவனாகவும் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வான்!

பச்சைமலையில் பிறந்த மாரியாயி இப்போது துவாக்குடியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறாள். தங்கையன் நான்கு வருஷமாக அவளிடம் சோறு வடிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகும் பிள்ளைகள் சிலர் மேசையை விட்டு எழமாட்டார்கள். ஆளுக்கொரு கற்பனை ஆளாக மாறி, பகடை உருட்டி, இல்லாத காட்டில் சண்டை போடுவார்கள். ஆட்டத்தை நடத்துகிறவன் ஜெஸ்வின். அன்றைக்குத் தேவதர்ஷினி தன்னுடைய வில்லாளிப் பெண்ணின் முன்கதையைப் படித்தாள். எதிரிகள் அவள் குலத்தையே கொளுத்திவிட்டார்களாம். தப்பியது இவள் ஒருத்திதானாம்.

தட்டு எடுக்க வந்த மாரியாயி அப்படியே நின்றாள்.

“ஏம்மா, அத்தன பேரையும் ஏன் கொன்ன?”

“அப்பதாங்கக்கா இவ ஊர விட்டு வர ஒரு காரணம் இருக்கும்.”

“நான் வந்தப்ப ஒருத்தரும் சாகல. எல்லாம் குத்துக்கல்லாட்டம் இருந்தாங்க.”

“அப்ப யாருக்கா உங்களத் தொரத்துனது?” என்றான் ஜெஸ்வின்.

“என்னையவா? தொரத்துறதா?” தட்டு டொக்கென்று மேசையில் விழுந்தது. “உப்பிலியபுரத்துல ஹாஸ்டல் சமையலுக்கு ஆள் கேட்டாங்க. போறேன்னேன். மலையில பொறந்தவ கீழ போயி எச்சித்தட்டு கழுவுறதாம். போனா இனிமே ஊர்ல உனக்குப் பங்கு இல்லன்னாங்க. கெடா வெட்டு அன்னிக்கி, பட்டப்பகல்ல நடந்தே எறங்குனேன். எழுதிக்க. யாரும் தொரத்தல. அவளாத்தான் வந்தா.”

“கூடப் பொறந்தவங்க தடுக்கலையா?”

“தம்பி ஒருத்தன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. கறி வாங்க வரிசையில நின்னான்.”

அடுப்படியில் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்த தங்கையன் சாம்பல் கையோடு வெளியே வந்தான்.

“யாருக்குத் தெரியாது? பாறை மேட்டுல உன் பச்சச் சேல எறங்குனதப் பாத்தேன். பங்கு போட்ட ஊர்ப் பெரியவரு, உங்கக்கா எங்கடான்னாரு. காய்ச்சலு, வீட்டுல படுத்திருக்குன்னு சொல்லி உன் பங்கயும் சேத்து வாங்குனேன். இல்லாட்டி அப்பவே ஆள் விட்டு உன்னப் புடிச்சிருப்பாங்க. சாயங்காலம் தெரிஞ்சுபோச்சு. இல்லாதவளுக்குப் பங்கு வாங்குனவன்னு மூணு வருஷம் என்னைய வரிசையிலயே விடல.”

தேவதர்ஷினியின் பேனா நின்றது. “அந்தக் கறிய என்னண்ணே பண்ணுனீங்க?”

“தின்னேன். பின்ன, நாய்க்கா போடுவாங்க?”

ஜெஸ்வினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாரியாயி சிரிக்கவில்லை.

“ஏன்டா இத்தன வருஷமாச் சொல்லல?”

“நீ கேட்டியா?”

“தெரியாதத எப்படிடா கேக்குறது, முண்டம்!”

அவன் குண்டானைத் தேய்க்கப் போய்விட்டான். தேவதர்ஷினி எரிந்த குலத்தை அடித்துவிட்டு, உயிரோடிருக்கும் ஒரு தம்பியை எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மலையில் கெடா வெட்டு. வழக்கம்போல லீவு சொல்லிவிட்டுச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிய தங்கையனை மாரியாயி வாசலில் மறித்தாள். கையில் ஒரு தூக்குவாளி.

“நீயும் நாலு வருஷமாக் கீழதான் கெடக்க. உன் பங்கு மட்டும் நிக்கலல்ல? இந்தா, புடி. இந்தத் தடவ காய்ச்சலு கீச்சலுன்னு சொல்லாத. எங்கக்கா மாரியாயி துவாக்குடியில மெஸ் நடத்துது, அது பங்கக் குடுங்கன்னு ஊரே கேக்குறாப்புல சத்தமாக் கேளு. குடுக்குற வரைக்கும் வரிசைய விட்டு நகராத.”