பேத்தமங்களா ஏரியில் முப்பது பாட்டில்

பிறர் குடிக்கும் பாட்டிலுக்குக் காவல் இருப்பதும் ஒரு தொழிலா என்று சிலர் சிரிப்பார்கள். செய்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். சாவி நம் இடுப்பில், சரக்கு இன்னொருவருடையது. குறைந்தால் திருடன், மிஞ்சினால் உதவாக்கரை. இப்படி ஒரு சாவியைச் செருகிக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று பேத்தமங்களா ஏரியில் படகேறியவர்கள் இவர்கள்: கிளப் செக்ரட்டரி துரை, சுரங்கத்துக் கேப்டன் துரை, அவருடைய துரைசானி, டாக்டர் துரை, பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றி எப்போதும் நிற்கும் இளம் துரைமார் எட்டுப் பேர். ஆக, குடிக்கிறவர்கள் பன்னிரண்டு. குடிக்காதவர்கள் நான்கு: சமையல் அந்தோணி, படகுக்காரர் கங்கப்பா, துடுப்புப் போட அவர் தம்பி, பாட்டில் ரூம் தேவசகாயம். கடைசியாகச் சொன்னது நான்.

படகு என்றால் ஒன்றல்ல. இரண்டு பெரிய படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, துணிப்பந்தல் போட்டது. எங்கள் தங்கச் சுரங்கம் இருக்கும் ஊரிகத்துக்கு ரயில் வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். வெயிலில் துரைமாருக்குத் தண்ணீர் மேல் போக வேண்டும் போலிருந்தது. எங்கள் பக்கத்தில் கடல் இல்லாததால் ஏரிக்குப் போனோம்.

கப்பல் சட்டம்

கிளப்பில் வெளிப் பாட்டில் கூடாது என்பது பழைய விதி. கேப்டன் துரைக்கு அவர் ஊரிலிருந்து ஒரு டஜன் சிவப்பு ஒயின் வந்து சேர்ந்தது. அதிலிருந்து சண்டை ஆரம்பமாயிற்று. படகு என்றால் கப்பல்தான், கப்பலில் கிளப் சட்டம் செல்லாது என்றார் அவர். இந்தியாவுக்கு வந்தபோது தன் ஒயினைத் தானே பெட்டியில் கொண்டு வந்தாராம். கப்பலில் விலை கொடுத்து வாங்கினவர்கள் எல்லாம் ஏமாளிகளாம். டாக்டர் துரை அந்த ஏமாளிகளில் ஒருவர். அவர் விடவில்லை: நான் வாங்கிக் குடித்தேன், நிம்மதியாகத் தூங்கினேன். உன்னைப் போல ராத்திரியெல்லாம் பெட்டிக்குள் பாட்டில் உடைகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கவில்லை என்றார். இது ஒரு மாதம் நடந்தது.

செக்ரட்டரி துரை அதிகம் பேசுகிறவர் அல்ல. கொண்டு வருகிறவர் கொண்டு வரலாம், திறக்கிற ஒவ்வொரு பாட்டிலுக்கும் கிளப்புக்குக் கார்க்குக் கூலி தர வேண்டும் என்று தீர்த்துவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். கிளப் சரக்கு பதினெட்டுப் பாட்டில் படகில் வரும். அதில் பாதி திறக்காமல் திரும்பினால் மெம்பர்களுக்குத் தங்கள் சொந்தச் சரக்குதான் பிடிக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பாட்டில் ரூமுக்குத் தனியாக ஒரு ஆள் எதற்கு என்று கேட்டார். நான் நெஞ்சில் கல்தூசி ஏறி, சுரங்கத்துக்குள் வேலை செய்ய முடியாமல் மேலே வந்தவன். கொஞ்ச நாள் ஷாப்டு என்கிற சுரங்கக் குழி வாசலில் நின்று ஆட்களுக்கு நம்பர் பில்லை கொடுத்தேன், பிறகு கிளப்புக்கு வந்தேன். இதுவும் போனால் மறுபடி கேஜ் என்கிற கூண்டில் ஏறிக் கீழே இறங்குவதுதான் வழி. என் நெஞ்சில் காது வைத்துக் கேட்டபோது டாக்டர் துரையின் முகம் போன போக்கைப் பார்த்தவன் நான். இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செக்ரட்டரி துரை இங்கிலீஷில் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

“ஒன்பது பாட்டில் திரும்பி வந்தால், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நீயும் வா.”

விற்கத் தெரியாத வாய்

விற்றால் பிழைக்கலாம். ஆனால் நான் ஜெபக்கூடத்துக்குப் போகிறவன், ஒயினை நாக்கில் வைத்ததில்லை. அதைவிடப் பெரிய குறை, நான்கு பேர் எதிரில் வாய் திறக்க வராது. என் மனைவி ரூத்து இதை அறிந்து, முந்தின நாள் என்னை எதிரில் நிற்கவைத்துப் பழக்கினாள். அவள்தான் துரை, தண்ணீர்ச் சொம்புதான் பாட்டில். ‘கிளப் சரக்கு முதல்தரம், துரை’ என்று நான் சொல்ல வேண்டும். ஐந்து முறை சொன்னேன். ஐந்து முறையும் சொம்பைப் பார்த்தே சொன்னேன். ஆறாவது முறை அவள் சொம்பைப் பிடுங்கித் தண்ணீரைத் தானே குடித்துவிட்டாள். நீங்க சொல்ற தினுசுல இது தண்ணின்னே நம்ப முடியலை என்றாள்.

படகு கிளம்பினதும் டாக்டர் துரை என்னிடம் வந்து, கேப்டன் சரக்கு நல்லதா, கிளப் சரக்கு நல்லதா என்று கேட்டார். கேப்டன் துரையும் அந்தப் பக்கத்திலிருந்து காது கொடுத்தார். பாடம் செய்த வார்த்தை தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது வேறு: எனக்குத் தெரியாது துரை, நான் குடித்ததில்லை. இளம் துரைமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போயிற்று வேலை என்று நினைத்து நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் துரை மட்டும் சிரிக்கவில்லை.

“நானும் கொடுக்கிற மருந்து எதையும் குடித்துப் பார்த்ததில்லை. குளிர்ந்ததும் உன் கிளப் சரக்கில் ஒன்று கொடு.”

முப்பது ஆணி

குளிர்ந்ததும் என்றால் ஐஸ் வேண்டும். ஐஸுக்கு எங்கே போவது. ஆனால் ஏரிக்கு அடியில் தண்ணீர் சில்லென்று இருக்கும். கிளப் பாட்டில் பதினெட்டு, கேப்டன் பாட்டில் பன்னிரண்டு, ஆக முப்பது. நான்கு பிரம்புக் கூடையில் வைக்கோல் போட்டு அடுக்கி, கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிவிட்டால் மதியத்துக்குள் குளிர்ந்துவிடும் என்பது என் யோசனை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கணக்குக்கு வழி? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சுரங்கத்தில் கீழே இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் போட்ட ஒரு பித்தளைப் பில்லை உண்டு. அவன் இறங்கும்போது பில்லை மேலே பலகையில் தொங்கும். ஏறி வந்து அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். பலகையில் பில்லை இருந்தால் ஆள் கீழே இருக்கிறான். சுரங்கத்து டைம் ஆபீசில் தேய்ந்துபோன பில்லை முப்பது இரவல் வாங்கி வந்திருந்தேன். ஒரு பலகையில் முப்பது ஆணி அடித்து, ஒரு பாட்டில் தண்ணீருக்குள் போக ஒரு பில்லை என்று மாட்டினேன். பாட்டிலைத் திறக்கும்போது ஒன்றைக் கழற்ற வேண்டும். சமையல் அந்தோணி கோழி அறுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னாண்ணே, பாட்டிலுக்கும் ஷிப்டு போட்டுட்டியா?”

மிதந்த காகிதம்

சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது படகைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளைக் காகிதங்கள் மிதந்தன. ஏரிக்கரையில் யாரோ குப்பை கொட்டுகிறார்கள் என்று எண்ணி, கங்கப்பாவிடம் ஊரைக் குறை சொன்னேன். அவர் துடுப்பால் ஒன்றைத் தூக்கி என் கையில் போட்டார். அதில் திராட்சைக் குலை படம் இருந்தது.

பாட்டில்மேல் ஒட்டியிருப்பது பசை. பசை தண்ணீரில் ஊறும். இது குழந்தைக்குத் தெரியும். முதல் கூடையை அவசரமாக இழுத்தேன். எல்லாம் ஒரே உயரம், ஒரே கறுப்புக் கண்ணாடி, வாயில் ஒரே கறுப்பு மெழுகு. கிளப் சரக்கு எது, கேப்டன் சரக்கு எது என்று அடையாளம் இல்லை. பில்லையைப் பாட்டில் கழுத்தில் கட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். ஷாப்டு வாசல் பழக்கத்தில் மேலே மாட்டிவிட்டேன். சுரங்கத்தில் ஏறி வருகிறவன் தன் நம்பரைத் தானே சொல்வான். பாட்டில் சொல்லாது. எத்தனை கீழே இருக்கிறது என்பது எனக்கு அணுவளவும் பிசகாமல் தெரியும். யாருடையது என்பது மட்டும் தெரியாது. கங்கப்பாவிடம் சொல்லிப் புலம்பினேன்.

“எண்ணிக்கை சரியா இருக்குது இல்லண்ணா? அப்பறம் அதுக்குப் பேரு இன்னாத்துக்கு?”

தொப்பியில் கார்க்கு

நடந்ததைச் செக்ரட்டரி துரையிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேப்டன் துரை கவலையே படவில்லை. என் ஒயினை எனக்குத் தெரியாதா, கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வேன் என்றார். அப்போதிலிருந்து ஒவ்வொரு பாட்டிலையும் வாய் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவர் வேலையாயிற்று. பிடித்தால் ‘என்னுடையது’, பிடிக்காவிட்டால் ‘கிளப்புடையது, டாக்டருக்குக் கொடு’. டாக்டர் துரை வந்ததையெல்லாம் குடித்து, கிளப் சரக்கு பிரமாதம் என்றார்.

கேப்டனுடைய துரைசானி பேச்சில் சேராமல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். புருஷன் ‘என்னுடையது’ என்று சொன்ன பாட்டிலின் கார்க்கை மட்டும் என்னிடம் கேட்டு வாங்கி மடியில் இருந்த தொப்பியில் போட்டுக்கொண்டார். தூண்டில் மிதவைக்கு என்று நினைத்தேன். சாயங்காலம் அந்த அம்மாள் எல்லோர் எதிரிலும் என்னைக் கேட்டார்: துரை எத்தனை பாட்டில் கொண்டு வந்தார்? பன்னிரண்டு அம்மா என்றேன். தொப்பியைப் பலகைமேல் கவிழ்த்தார். எண்ணச் சொன்னார். பதினான்கு இருந்தது.

டாக்டர் துரை சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. கேப்டன் துரை சுரங்கத்தில் ஆட்களிடம் தமிழ் கற்றவர். வெட்கம் வந்தால் அந்தத் தமிழ்தான் வாயில் வரும்.

“நம்ம பன்னெண்டும் தீந்துபோச்சு, கிளப்பு சரக்கு ரெண்டு கூடப் பூந்துக்கிச்சு, இன்னா இப்ப?”

ஒருத்தன் கீழே

எல்லோருக்கும் அது வேடிக்கை. எனக்கு மட்டும் கணக்கு. கேப்டனுடைய பன்னிரண்டும் தீர்ந்தது என்று அவரே சொல்லிவிட்டார். திறந்தது மொத்தம் இருபத்தொன்று. அப்படியானால் தீர்ந்த கிளப் சரக்கு ஒன்பது. தண்ணீருக்குள் மிச்சம் இருக்கும் ஒன்பதும் கிளப்புடையதே. செக்ரட்டரி துரை சொன்ன அதே ஒன்பது. யாராவது இன்னும் ஒன்று கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. என் வாயும் திறக்கவில்லை.

கரைக்குத் திரும்பலாம் என்றார்கள். கடைசிக் கூடைகளை இழுத்தேன். பாட்டில் எட்டு. பலகையில் பில்லை ஒன்பது. மறுபடி எண்ணினேன், எட்டு, ஒன்பது. கங்கப்பாவின் தம்பி துடுப்பை எடுத்துவிட்டான். அப்போது வாழ்நாளில் முதல்தடவையாக நான் கத்தினேன். ஷாப்டு வாசலில் கத்துகிற வார்த்தைதான் வந்தது: நிறுத்துங்க, ஒருத்தன் கீழே இருக்கான்.

கேப்டன் துரை எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. கோட்டைக் கழற்றிவிட்டுக் கயிற்றைக் கையில் எடுத்தார். இளம் துரைமார் ஒருவரை ஒருவர் தொட்டு எண்ணினார்கள். துரைசானி புருஷன் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டில்தான் துரை என்று நான் சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அடி விழும் என்று நின்றேன். கேப்டன் துரை பலகையில் தொங்கிய பில்லைகளையும் என்னையும் பார்த்தார். பில்லை தொங்கும்போது படகும் கிளம்பாது என்று சொல்லி, கங்கப்பாவைக் குதிக்கச் சொன்னார். கங்கப்பா குதித்தார். முதல் முழுக்கில் சேறு வந்தது. இரண்டாவதில் உடைந்த பானைக் கழுத்து. அந்தோணி மெல்ல என் பக்கத்தில் வந்தான்.

“இன்னாண்ணே, புத்தி கெட்டுப்போச்சா? அது மேல வந்தா நீதானே கீழ போவணும்.”

திரும்பி வந்தது

கீழே கிடக்கிற அந்த ஒன்றுதான் என் வேலையைக் காக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. கூடையைத் தடவினேன், அடியில் பாட்டில் நுழைகிற அளவுக்குக் கிழிசல். பில்லையை முப்பது தடவை சரிபார்த்தவன் கூடையை ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை. கங்கப்பா தலையைத் தூக்கி, இன்னொரு முழுக்குப் போடட்டா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல ஒரே வார்த்தை போதும். பலகையில் பில்லை தொங்கிக்கொண்டிருந்தது. போடுங்க என்றேன். அந்தோணி தலையில் அடித்துக்கொண்டான். கங்கப்பா மூழ்கின நேரம் முழுவதும் நான் என்ன ஜெபித்தேன் என்பதை எங்கள் போதகரிடம்கூடச் சொன்னதில்லை. அவர் கையை விரித்துக்கொண்டு மேலே வந்தார். வெளிச்சம் போகிறது, போதும் என்றார் கேப்டன் துரை.

கரையில் செக்ரட்டரி துரை தானே வந்து பாட்டில்களை எண்ணினார். நான் பலகையையும் பக்கத்தில் வைத்தேன். ஒன்பது பில்லை என்றும் சொன்னேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. அவர் பலகையைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், டாக்டர் துரை தோளில் கை போட்டுப் பாடிக்கொண்டு போகிற கேப்டன் துரையைப் பார்த்தார். எது தன்னுடையது என்று தெரியாதவர்கள் இனி எதையும் கொண்டு வர வேண்டாம் என்று கப்பல் சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார். நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றேன்.

“திரும்பி வந்தால் என்றுதானே சொன்னேன்? வந்தது எட்டு. சாவியை உள்ளே வை.”

அதன் பிறகு பல வருஷம் அந்தச் சாவி என் இடுப்பில் இருந்ததற்குக் காரணம் என் கணக்கு அல்ல, என் கூடையின் கிழிசல் என்பதை மறக்காமல் இருப்பதற்காக, டைம் ஆபீசுக்கு இருபத்தொன்பது பில்லைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏறி வராதவனுக்காகப் பலகையில் தொங்கவிட்டேன், ஒன்று.