இருபத்திரண்டு குண்டு மிச்சம்

எனக்கு முணுக்கென்றால் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதினாறு வருடமாக ஸ்டோர் பார்க்கிறேன். கோபம் வராத ஸ்டோர்காரனை நான் இன்னும் பார்த்ததில்லை. கேட்காமல் எடுப்பார்கள், எடுத்ததை எழுத மாட்டார்கள், கடைசியில் ஆடிட் வந்தால் என் சட்டையைப் பிடிப்பார்கள். ஒரு நாள் கம்பெனி டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, மனசை ஒரு இடத்தில் நிறுத்துகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றார். அவர் யோகாவை நினைத்துச் சொன்னார். நான் போய் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தேன். "வூட்ல கத்தறது பத்தாதுன்னு கையில துப்பாக்கி வேறயா?" என்று கேட்டாள் என் மனைவி.

கிளப் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. வல்லக்கோட்டை போகிற சாலையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் நீளமாக ஒரு கூடம். ஒரு முனையில் நாம் நிற்போம், பத்து மீட்டர் தள்ளிக் குறி அட்டை தொங்கும். சுடுவது காற்றுத் துப்பாக்கி. குண்டு என்பது உளுந்து அளவுக்கு ஈயம், டப்பாவுக்கு ஐநூறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் மூச்சை அடக்கி நாற்பது குண்டு சுட்டுவிட்டு வந்தால், திங்கட்கிழமை சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தால்கூட எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் சேர்ந்த புதிதில் டப்பா கேட்டால் கிடைத்துக்கொண்டிருந்தது. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. பிறகு ஒரு மாதம் கப்பல் வரவில்லை என்றார்கள். அடுத்த மாதம் வரி என்றார்கள். அப்புறம், எங்கோ சண்டை நடக்கிறது, ஈயமெல்லாம் நிஜக் குண்டுக்கே போகிறது என்றார்கள். எது உண்மையோ தெரியாது, விலை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏறி நின்றது. சென்னையில் விற்கிற கடைக்காரர், ஆளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு டப்பா, அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். மனிதனை மனிதன் கொல்லுவதற்குத் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிற ஈயம், அட்டையில் ஓட்டை போடுவதற்கு மட்டும் கிடைக்காமல் போயிற்றே என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன்.

உறுப்பினர்கள் எல்லோரும் அவரவர் டப்பாவை வாங்கிவந்து கிளப்பில் பொதுவாக வைத்து, அளவாகப் பிரித்துக்கொள்வோம் என்று முடிவானது. அலமாரிச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பூட்டும் சாவியும் கைக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும், அதை ஒத்துக்கொள்கிறேன். மறுவாரமே ஒவ்வொரு டப்பாவிலும் வந்த தேதியை எழுதிச் சீட்டு ஒட்டினேன். யாருக்கு எந்த டப்பாவிலிருந்து எத்தனை என்று எழுத ஒரு நோட்டுப் போட்டேன். ஞாயிறுக்கு ஆளுக்கு முப்பது குண்டு, எண்ணித் தருவேன். ஸ்டோரில் நாங்கள் ஃபிஃபோ என்போம்: முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும், பழையது உள்ளே தங்கக்கூடாது. குண்டுக்கும் அதே சட்டம் என்றேன். கம்பெனி பஸ் ஓட்டும் உறுப்பினர் ஒருவர், "இன்னாண்ணா, கைநாட்டும் வெக்கணுமா?" என்று கிண்டல் செய்தார். நான் அசரவில்லை.

அந்தக் கிளப்பில் உண்மையாகவே சுடத் தெரிந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். தென்காசிப் பக்கத்துப் பெண். இருபது வயது. சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கி, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஒப்பந்தத்தில் லைன் வேலை. சொந்தத் துப்பாக்கி கிடையாது, கிளப் துப்பாக்கிதான். நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்து, சுவரில் தலை சாய்த்துப் பத்து நிமிடம் தூங்கிவிட்டு எழுந்து நிற்பாள். அதற்குப் பிறகு அவள் கை ஆடாது.

அவளுக்கு அந்த வருடம் மாநிலப் போட்டி முக்கியம். அதில் தகுதி மதிப்பெண் எடுத்துவிட்டால் மாநில ரைஃபிள் சங்கத்துப் பட்டியலில் பெயர் ஏறும். பட்டியலில் இருப்பவர்களுக்குக் குண்டு தனி ஒதுக்கீட்டில் கிடைக்கும், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கும் மனு போடலாம். ஜூனியர் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். போட்டி முடிந்த மாதமே கம்பெனி ஒப்பந்தமும் முடிகிறது. தகுதி கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவள் ஊருக்குப் பக்கத்தில் சுடுவதற்கு இடம் கிடையாது.

முப்பது குண்டு வாங்கினால் அவள் இருபதுதான் சுடுவாள். மற்ற நேரமெல்லாம் குண்டே போடாமல் குறி பார்த்து விசையை மட்டும் இழுத்துப் பழகுவாள். மிச்சம் பத்தை என் கையில் திருப்பிக் கொடுப்பாள். எனக்குத் தலைகால் புரியாது. எல்லோர் முன்னாலும், "இந்தப் பொண்ணப் பாருங்கய்யா, குண்டோட அருமை தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்று புகழ்வேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒரு நாள் அவள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். டப்பாவின் அடியில், எந்தத் தடவை செய்த சரக்கு என்று சொல்கிற லாட் நம்பர் இருக்கிறது, பழைய லாட் குண்டு இந்தத் துப்பாக்கிக்கு நன்றாக ஒத்துப்போகிறது, புதிய லாட் சிதறுகிறது, பழையதில் ஒரு டப்பாவைப் போட்டிக்கு என்று தனியாக எடுத்து வைக்க முடியுமா என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரே கம்பெனி, ஒரே டப்பா, ஒரே எடை, இதில் என்ன பழையது புதியது? ஒருத்தருக்கென்று எடுத்து வைத்தால் அது ஸ்டோரா, சொந்த வீட்டு அடுக்களையா? பழையதுதான் முதலில் போகும் என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். லைனில் வேலை பார்க்கிற பெண், ஸ்டோர்காரனிடம் வாதாடிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். "சரிண்ணே" என்று போய்விட்டாள். நான் சட்டப்படி பழைய லாட்டை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தேன். பொழுதுபோகாமல் கிளப்புக்கு வருகிற ஒரு மேனேஜருக்கும் கொடுத்தேன், எனக்கும் எடுத்துக்கொண்டேன்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது, அவள் சொன்னது தப்பு என்று நிரூபித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் மாட்டி, ரப்பர் வைத்து, கிளப் துப்பாக்கியை அசையாமல் இறுக்கினேன். புது லாட்டில் பத்து சுட்டேன். அட்டையில் ஓட்டைகள் தனித்தனியாக விழுந்தன. அலமாரியில் பழைய லாட்டில் கடைசியாகக் கிடந்தது சரியாகப் பத்துக் குண்டு. அதையும் சுட்டேன். பத்தும் ஒரே ஓட்டை வழியாகப் போயிருந்தது.

அந்த அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அரிசி பழையதானால் புழுத்துப் போகும், ரப்பர் வளையம் பழையதானால் இறுகிப் போகும். ஈயத்துக்கு என்ன வந்தது? நான் தெரிந்த ஒரு சட்டத்தைத் தெரியாத ஒரு பொருளின் மேல் ஏற்றி, அவளுக்கு வேண்டியதையெல்லாம் வெட்டிப் பொழுதுபோக்குக்கு வாரி விட்டிருந்தேன். கடைசிப் பத்தையும் அவள் சொன்னதைப் பொய்யாக்கச் செலவழித்திருந்தேன்.

கம்பெனியில் தப்பான சரக்கு வெளியே போய்விட்டால், நோட்டைப் பார்த்து ஒவ்வொரு இடமாகப் போய்த் திரும்ப எடுப்போம். அதையே செய்தேன். என் நோட்டு அப்போதுதான் உருப்படியாக ஒரு வேலைக்கு ஆனது. பழைய லாட் வாங்கியவர்களில் சுடாமல் வீட்டுக்கு எடுத்துப் போனவர்கள் யார் யார் என்று விசாரித்து, ஷிப்ட் முடிந்து தினமும் கிளம்பினேன். பஸ் ஓட்டுகிறவர் ஸ்பேனர் பெட்டிக்குள் தேடிப் பதினேழு எடுத்துக் கொடுத்தார். மேனேஜர் மிச்சக் குண்டை ஒரு சின்னச் சிமிழில் போட்டு, மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தார், அதில் பாதி நசுங்கிக் கிடந்தது. இன்னொருவர் காரில் வல்லக்கோட்டை முருகன் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார். முருகனிடமே கையை நீட்டுகிறாயா என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்து, நெளிந்ததைக் கழித்து, கடைசியில் தேறியது எண்பத்தேழு.

போட்டியில் கணக்கில் சேர்வது அறுபது சுடுதல். அதற்கு முன்னால் கால் மணி நேரம், கணக்கில் சேராமல் எத்தனை வேண்டுமானாலும் சுட்டுக் குறியைச் சரிசெய்துகொள்ளலாம். அதற்கு இருபத்தேழு இருந்தது. தாராளமாகப் போதும். ஒரு சின்னப் பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கிக் கொடுத்து, என் தப்பையும் சொன்னேன். "விடுங்கண்ணே, இவ்வளவு அலைஞ்சிருக்கீகளே" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி பாரம் குறைந்தது. மீதி அவள் ஜெயித்தால் குறையும் என்று நினைத்தேன்.

போட்டியன்று நான் போகவில்லை. கம்பெனியில் எனக்கு ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் வந்து இறங்கினாள். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தகுதி போய்விட்டது; அதுவும் ஒரு முழுப் புள்ளியில் இல்லை, தசமத்தில் கொஞ்சம் குறைந்ததால். கணக்கில் சேரும் முதல் பத்துச் சுடுதலில் குறி இடதுபக்கமாகத் தள்ளிக்கொண்டே போனதாம். அதற்கப்புறம் கடைசிவரை பிசகவே இல்லையாம். டீக்கடையில் உட்கார்ந்து, அழாமல், ஊருக்கு எந்த ரயிலில் டிக்கெட் பார்ப்பது என்று பேச ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே பையிலிருந்து அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இருபத்திரெண்டு மிச்சம்ணே. ஸ்டோர்ல வச்சுக்கிடுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். குறி சரிசெய்ய அவள் சுட்டது வெறும் ஐந்து. "இன்னாமா இது, கையில தான் இருந்துச்சே. ஏன் சுடல?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சுடலாம்னுதாம்ணே நெனச்சேன். ஆறாவது குண்ட எடுத்தேன். தீந்துருமோன்னு கை தன்னால திருப்பி வச்சிட்டு."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. வாரா வாரம் பத்துக் குண்டைத் திருப்பிக் கொடுத்த கை அது, வாரா வாரம் அதைப் புகழ்ந்தவன் நான். நான் பெட்டியை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீயைக் குடிக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று இருந்தது.

அவள் ஊருக்குப் போய்ப் பல மாதம் ஆகிறது. குண்டு இப்போதும் ஆளுக்கு ஒரு டப்பாதான், விலை இன்னும் ஏறியிருக்கிறது. அலமாரிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. அதில் இருபத்திரண்டும் அப்படியே இருக்கின்றன, அது நான் மிச்சம் பிடிக்கப் புகழ்ந்து பழக்கியதில் மிஞ்சிய சரக்கு.