இரவல் மாடு

சர்க்கார் கடன் என்று யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் நான் எழுந்து போய்விடுவேன். கடன் வாங்கி நொந்தவன் அல்ல நான். கடன் கேட்டு வந்தவர்களை விரட்டிய கும்பலில் ஒருவன்.

உலக யுத்தச் சண்டைக் காலத்தில் சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். கிராமத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு முதல் போடக் கடன் கொடுப்பது எங்கள் செக்ஷன் வேலை. கொடுப்பது என்றா சொன்னேன்? கொடுக்காமல் இருக்கக் காரணம் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதில் நாங்கள் சூரர்கள். ஜாமீன் இல்லை, கையெழுத்து சரியில்லை, வேறு ஃபாரத்தில் எழுது என்று ஒருவனை ஆறு மாதம் நடக்கவைத்துவிட்டு, பிறகு காலம் கடந்துவிட்டது என்று சொல்வோம். சொல்லிவிட்டு வெற்றிலை போடுவோம்.

வேளச்சேரியைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் செக்கு வைத்திருந்த ஒருவரின் மனைவி அந்த நாட்களில் எங்கள் ஆபீஸுக்கு வர ஆரம்பித்தாள். வயல் வரப்பிலேயே நடந்து வந்து, வாசல் வேப்பமரத்தடியில் நிற்பாள். பியூன் உள்ளே விடமாட்டான். நான் காப்பி குடிக்க வெளியே வரும்போது பிடித்துக்கொள்வாள்.

“மாடு பூட்ச்சி சாமி. அடைப்பான் நோவு வந்து ஒரே நாள்ல சுருண்டுகிச்சி. மண்ணெண்ணெ கெடைக்காம ஊரே எங்க எண்ணெக்கு அலையுது, செக்கு சும்மா நிக்குது. எள்ளு குடுக்கிற மண்டிக்காரரு தை வரைக்கும் பாப்பேன், அப்பால வேற செக்குக்குக் குடுத்துடுவேன்னுட்டாரு. ஒரு மாடு வாங்க சர்க்காரு கை குடுத்தா பொழச்சிக்குவோம்.”

இதைவிட நியாயமான மனு அந்த ஆபீஸுக்கு வந்ததில்லை. தொழில் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, மாடு ஒன்றுதான் இல்லை. மூன்றாவது முறை அவள் வந்தபோது எனக்கே வெட்கமாகி, காகிதக் கட்டின் அடியில் கிடந்த அவள் மனுவை எடுத்து மேலே வைத்தேன். அதற்காக என்னைப் பெரிய தர்மவான் என்றுகூட நினைத்துக்கொண்டேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆபீசர் நேரில் போய்த் தொழில் நடக்கும் இடத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஆபீசர் தியாகராய நகரில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். கிராமத்துக்குப் போவதென்றால் அவருக்கு வேப்பங்காய். சைதாப்பேட்டையில் ஜட்கா பிடித்து, வழியெல்லாம் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல் வந்தார்.

போய் இறங்கினால் வாசல் மெழுகிக் கோலம் போட்டிருந்தது. யார் வீட்டிலிருந்தோ இரண்டு நாற்காலி வந்திருந்தது. கொட்டகையில் செக்கு சுற்றிக்கொண்டிருந்தது!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாட்டசாட்டமான வெள்ளை மாடு. ஆனால் செக்கு மாட்டின் நடை அதற்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டியிருந்ததால் மிரண்டு, பாதிச் சுற்றுக்கு ஒரு தடவை நின்றது. நேராகக் கொல்லைப் பக்கம் இழுத்தது. செக்குக்காரர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி கூடவே சுற்றிக்கொண்டிருந்தார். வேர்வை அவருக்குத்தான் வழிந்தது, மாட்டுக்கு இல்லை. கண் உள்ள எவனும் ஒரு கேள்வி கேட்டிருப்பான். ஆபீசர் இளநீரைக் குடித்தார், மாட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்துவிட்டார்.

ஜட்காவில் இரண்டு தூக்குகளைக் கொண்டுவந்து வைத்தாள் அந்த அம்மாள்.

“பெருசு ஐயாவுக்கு, சின்னது சாமிக்கு. நல்லெண்ணெ.” பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அது எரவ மாடு சாமி. பக்கத்து வூட்டு ஏர் மாடு. பெரியவங்க வர்றச்சொல்ல செக்கு நின்னுக்கினு இருந்தா குடும்பத்துக்கு ஆவாது. அதான் கேட்டுக் கட்னோம். நீங்க போன ஒடனே அவுத்துக்கினு பூடுவாங்க.”

அவர்கள் வழக்கம் அது. பெரிய மனுஷர் வரும்போது ஓடாத செக்கைக் காட்டுவது அமங்கலம், வந்தவருக்கும் அவமரியாதை. மாடு இல்லை என்றுதான் மனுவிலேயே எழுதியிருக்கிறதே, ஆபீசருக்குத் தெரியாதா என்று நம்பினார்கள். ஆபீசர் மனுவைப் படித்திருப்பார் என்று நம்பியதுதான் அவர்கள் செய்த ஒரே தப்பு.

ஜட்கா நகர்ந்ததும் அவர் ஆரம்பித்தார்.

“மாடு நல்ல ஜாதி. நாற்காலி என்ன, இளநீர் என்ன! இவனுக்கு எதுக்கய்யா கடன்? வசதி இருக்கு, தேவையில்லைன்னு எழுதிடும்.”

“அது இரவல் மாடாம், சார்.”

“உமக்கு யார் சொன்னா? நான் கண்ணால பார்த்தேன்.” கைக்குட்டையை மடித்துக்கொண்டே, “உம்ம வேலையை நிரந்தரம் பண்ற காகிதம் என் மேஜையிலதானே கிடக்கு?” என்றார்.

“சரி சார், எழுதிடறேன்” என்றேன். அவர் தூக்கை மாம்பலம் வரை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போய், அவர் வீட்டுச் சமையலறை வாசலில் இறக்கியதும் நான்தான்.

மறுநாள் காலை, என் முத்து முத்தான இங்கிலீஷ் கையெழுத்தில் எழுதினேன்: மனுதாரரிடம் திடமான மாடு ஒன்று இருக்கிறது, செக்கு ஓடுகிறது, கடன் அவசியமில்லை. கையெழுத்து அழகாயிருக்கிறது என்று ஆபீசர் பாராட்டினார். தூ!

மயிலாப்பூரில் என் வீட்டில் அந்த எண்ணெய்க்கு ஏக வரவேற்பு. “எங்கேர்ந்து வாங்கிண்டு வந்தேள்? ஆத்துல நுழைஞ்சாலே மணக்கறதே!” என்றாள் என் மனைவி. மிளகாய்ப்பொடியில் குழைத்து இட்லிக்குத் தொட்டுக்கொண்டு, வழக்கத்தைவிட இரண்டு அதிகம் சாப்பிட்டேன். அதுதான் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

தை பிறந்த பிறகு அவள் வந்தாள். அதே வேப்பமரத்தடி.

“கடன் இல்லைன்னு ஆயிடுத்தும்மா.”

“ஏன் சாமி?”

“மாடு இருக்குன்னு எழுதியிருக்கு.”

“அது எரவ மாடுன்னு உங்க கையில சொன்னேனே சாமி.”

மறுபடி மனு போடு, பார்க்கலாம் என்று ஆபீஸ் பாஷையில் ஏதோ உளறினேன். அவள் கோபப்படவில்லை. கத்தியிருந்தால் பியூனைக் கூப்பிட்டிருப்பேன், எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

“மண்டிக்காரரு எள்ள நிறுத்திட்டாரு. இனிமே இன்னா மனு சாமி.” முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள். அது விலகிய நேரத்தில் பார்த்தேன்: தோள்பட்டையில் விரல் அகலத்துக்குத் தோல் உரிந்து ஆறிக் கறுத்துத் தடித்திருந்தது, வண்டி மாட்டின் கழுத்தில் இருக்குமே, அதுபோல. நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

“ஐயா வராருன்னதும் வெறுங்கையா அனுப்பக் கூடாதுன்னு நானும் அவருமா தோள் குடுத்து செக்க ஆட்னோம். மூணு நாளு. அந்த மாடு எங்க ஆட்டிச்சி, அது சும்மா சுத்திச்சி.” பிறகு மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்: “எண்ணெ நல்லா இருந்திச்சா சாமி?”

நன்றாக இருந்தது என்றேன்.