மகளிர் பக்கம் வேண்டாம்

செய்தி ஆசிரியர் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் வைத்தார். பக்கத்தில், தொலைநகலில் வந்த சிங்களப் பொலிஸ் அறிக்கை ஒன்று.

"ஒரு ஃபோர்மாலிட்டிதான் அக்கா. புதுசா வாற எல்லாருக்கும் வைக்கிறனாங்கள்."

ஐந்து வருடங்களுக்கு முன் இதே அறையில் நான் உதவி ஆசிரியையாக இருந்தபோது அவர் எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தார். எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவர். அவருடைய மொழிபெயர்ப்புகள் என் கை பட்ட பிறகுதான் அச்சுக்குப் போகும். இப்போது அவர் செய்தி ஆசிரியர். நான் வேலை கேட்டு வந்தவள். அவரை எப்படி அழைப்பது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்திருந்தேன். முன்பு தம்பி என்பேன். அதை மாற்றுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"எத்தனை நிமிஷம் தம்பி?"

"அவசரமில்லை."

"இந்த அறையில எப்ப அவசரம் இல்லாமப் போனது?"

சுவரோரம் அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்த ஒப்புநோக்குநர் தாளிலிருந்து தலை நிமிராமலே சிரித்தார். நான் வேலையை விட்ட நாளிலும் அவர் அதே இடத்தில்தான் இருந்தார்.

நான் கேட்டது உள்ளூர்ச் செய்தி மேசையை. அது நான் விட்டுப்போன இடம். மகள் பிறந்தபோது மூன்று மாத விடுப்பு எடுத்தேன். அது முடிந்ததும் பிள்ளையைப் பார்க்க ஆள் கிடைக்காமல் விலகல் கடிதம் எழுதினேன். இப்போது அவளுக்கு நாலரை வயது. மொன்டிசூரிக்குப் போகிறாள். பகலில் அவளைக் கூட்டிவந்து மூன்று மணிவரை வைத்திருக்க எங்கள் மாடிக்கட்டடத்தில் கீழ்வீட்டு அன்ரி சம்மதித்துவிட்டார். இதையெல்லாம் ஒழுங்கு செய்த பிறகுதான் விண்ணப்பம் அனுப்பினேன்.

செய்தி ஆசிரியரிடம் வேறு திட்டம் இருந்தது.

"மகளிர் பக்கத்துக்கு ஆள் இல்லை அக்கா. உங்களுக்கு நல்ல பொருத்தம். பிள்ளை வளர்ப்பு, சமையல், அழகுக் குறிப்பு. உங்களுக்கு இப்ப அனுபவம் இருக்குத்தானே. வீட்டில இருந்தே எழுதி அனுப்பலாம்."

மகளிர் பக்கத்தின்மேல் எனக்கு இளக்காரம் கிடையாது. அதை மிக நன்றாகச் செய்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். ஆனால் எனக்குச் சமையல் வராது. நான் வைக்கும் சொதி எங்கள் வீட்டில் ஒரு பகிடி. பிள்ளை பெற்றுவிட்டேன் என்பதற்காக நான் சமையற்குறிப்பு எழுதத் தகுதி பெற்றுவிட்டதாக அவர் நினைத்தார். அதையாவது பொறுத்திருப்பேன். "வீட்டில இருந்தே" என்றதுதான் உறைத்தது. வீட்டிலிருந்து வெளியே வரத்தான் நான் வந்திருந்தேன்.

"சோதினையை முதல் எழுதுறன்," என்றேன்.

அறிக்கை ஆறு வரிதான். முதல்நாள் பகல் வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ரயில் மோதி ஒருவர் இறந்துவிட்டார். அறுபது வயது மதிக்கத்தக்கவர். காலி நகர் நோக்கிச் சென்ற பகல் கடுகதி ரயில். நேரம், வைத்தியசாலை, மேலதிக விசாரணை. ஏழு நிமிடத்தில் முடித்தேன். பிறகு மேசையில் கிடந்த அன்றைய எங்கள் பத்திரிகையைப் புரட்டினேன். அதே செய்தி மூன்றாம் பக்கத்தில் வந்திருந்தது. "வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் கடுகதி ரயிலில் ஏற முயன்ற முதியவர் தவறி விழுந்து பலி" என்று தலைப்பு. சிவப்புப் பேனை ஒன்றை ஒப்புநோக்குநரிடம் வாங்கி "ஏற முயன்ற" என்பதையும் "தவறி விழுந்து" என்பதையும் வட்டமிட்டேன். இரண்டு தாளையும் சேர்த்துக் கொடுத்தேன்.

செய்தி ஆசிரியர் வட்டங்களைப் பார்த்தார். "இதை நான் கேக்கேல்லையே."

"அறிக்கையில ஏற முயன்றதெண்டு இல்லை. ரயில் மோதினதெண்டுதான் இருக்கு."

"ஸ்டேஷனுக்குப் பக்கத்தில எண்டு இருக்கு. ஏறத்தானே போயிருப்பார்?"

"அந்த ரயில் வெள்ளவத்தையில நிக்காது தம்பி. நிக்காத ரயிலில அறுபது வயசு மனுசன் என்னெண்டு ஏறுறது?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாலு வருஷமா அந்த ரயிலைக் காட்டித்தான் பிள்ளைக்குச் சோறு தீத்தினனான்."

சொன்னது அப்படியே உண்மை. எங்கள் வீடு இருக்கும் குறுகிய ஒழுங்கை வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளத்தில் போய் முடிகிறது. மகள் வீட்டுக்குள் வாய் திறக்கமாட்டாள். சோற்றுக் கோப்பையோடு ஒழுங்கை முடிவுக்குப் போவோம். ரயில் வந்தால் ஒரு வாய். மெதுவாக வருவது நிற்கும் ரயில். அதற்கு இரண்டு வாய் தீத்தலாம். பகல் கடுகதி ஊதிக்கொண்டு வேகம் குறையாமல் போகும். அவள் கையால் காதைப் பொத்திக்கொள்வாள். அந்த வாய் எப்போதும் சிந்தும். எத்தனை மணிக்கு எது வரும், எது நிற்கும், எது நிற்காது, ஞாயிறில் எது இல்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பாடமாக்க வேண்டும் என்று ஆக்கியதல்ல. வேறு பார்க்க எதுவும் இருக்கவில்லை.

செய்தி ஆசிரியர் தொலைபேசியை எடுத்தார். ஸ்டேஷன் மாஸ்டரோடு சிங்களத்தில் கதைத்தார். "ஹரி... ஹரி மாத்தையா," என்று, சரி ஐயா என்பதை இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்தார்.

"தண்டவாளக் கடவையால குறுக்க போயிருக்கிறார்," என்றார். "நாளைக்குத் திருத்தம் போடவேணும்."

"நான் எழுதித் தரட்டே?"

ஒப்புநோக்குநர் இந்த முறை வெளிப்படையாகவே சிரித்தார். "தம்பி, அக்காவைக் கூப்பிட்டுச் சோதினை வைச்சு நீர்தான் பெயில்."

செய்தி ஆசிரியரும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளூர் மேசையில் வேலை உச்சத்தில் இருப்பது பின்னேரம். பிள்ளைக்காரி இரண்டு மணிக்கே எழும்பிப் போனால் மற்றவர்கள் முறுமுறுப்பார்கள் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. காலை ஷிப்ட் யாருக்கு என்று கேட்டேன். காலை ஏழிலிருந்து இரண்டு வரை. பொலிஸ் நிலையங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் தொலைபேசி எடுப்பது. பெயர் அச்சில் வராத வேலை. யாரும் விரும்புவதில்லை, புதிதாக வருபவர்கள் தலையில்தான் கட்டுவது என்றார்.

"நான் புதுசா வந்தவள்தானே. இப்பதான் சோதினை எழுதினனான்."

ஒரு மாதம் பார்ப்போம் என்றார். இடையில் பிள்ளை, காய்ச்சல் என்று ஓடினால் மகளிர் பக்கம்தான். பிறகு கதை இல்லை.

அன்று பின்னேரம் என் கணவரிடம் சொன்னேன். ஏழு மணிக்கு நான் மேசையில் இருக்கவேண்டும் என்றால் ஆறேகாலுக்கு வீட்டைவிட்டு இறங்கவேண்டும். எழுப்பி, குளிக்கவார்த்து, சாப்பாடு தீத்தி, மொன்டிசூரியில் கொண்டுபோய் விடுவது அவர் பாடு. அவருடைய அலுவலகம் எட்டரைக்குத்தான் தொடங்கும்.

"நீர் விளையாடுறீரோ? அவள் என்னட்டைச் சாப்பிடமாட்டாள்."

"நீங்கள் எப்ப தீத்திப் பாத்தனீங்கள்?"

"அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடத் தெரியாது எனக்கு."

"எனக்கும் தெரியாமத்தான் இருந்தது."

"இன்னும் ஒரு வருஷம் பொறுத்தா அவள் பள்ளிக்கூடம் போயிடுவாள்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னனீங்கள்."

அவர் கெட்டவர் அல்லர். தன் பங்கு இது என்று யாரும் அவரிடம் ஒருநாளும் சொல்லியதில்லை. நானும்தான் சொல்லியிருக்கவில்லை.

திங்கட்கிழமை ஆறேகாலுக்கு இறங்கினேன். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். அப்படியும் ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்க மேசைக்கு வந்துவிட்டேன். கீழே ஈய எழுத்துக் கோர்த்த அறை மூடிக் கிடந்தது. மேலே கணினிகள் வந்திருந்தன. தொலைபேசி மட்டும் அதே கறுப்புத் தொலைபேசி. கொட்டாஞ்சேனையில் விடியற்காலை ஒரு களஞ்சியம் தீப்பற்றியிருந்தது. காயம் உண்டா இல்லையா என்று பொலிஸார் உறுதியாகச் சொல்லவில்லை. மூன்றாம் தரம் எடுக்கப்போன நேரம் மணி அடித்தது. என் கணவர். தெருவோரக் கடையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். பின்னால் பஸ் இரைந்தது, அதற்கு மேலால் மகளின் அழுகை.

"மொன்டிசூரி வாசல்ல நிண்டு குளறுறாள். உள்ளுக்குப் போகமாட்டாளாம். நீர் ஒருக்கா வாரும்."

நேரம் எட்டு ஐந்து. செய்தி ஆசிரியர் அன்று வழமையைவிட முன்னதாக வந்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சலே?" என்று கேட்டேன்.

"இல்லை."

"சத்தி எடுத்தவளோ?"

"இல்லை. அம்மாதான் வேணுமாம்."

அவளுடைய அழுகைகள் எனக்குத் தெரியும். இது பயந்த அழுகை அல்ல, கோப அழுகை. தெரிந்தும் தொலைபேசி வயரைச் சுண்டுவிரலில் சுற்றி இறுக்கிக்கொண்டேன்.

"அம்மா வேலைக்குப் போயிட்டா எண்டு சொல்லுங்கோ. பின்னேரம் வருவா எண்டும் சொல்லுங்கோ. அழட்டும். நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ."

"எனக்கு ஒபிசுக்குப் பிந்துது!"

"பிந்தட்டும். எனக்கு ஐஞ்சு வருஷம் பிந்திப்போச்சு. லைனை விடுங்கோ, பொலிசுக்கு எடுக்கவேணும்."

வைத்தேன். செய்தி ஆசிரியர் தடுப்பைத் தாண்டி வந்து மேசையருகே நின்றார்.

"என்னக்கா, ஏதும் பிரச்சினையோ?"

"ஓம் தம்பி," என்றேன். "கொட்டாஞ்சேனைத் தீயில ஆருக்கும் காயமோ இல்லையோ எண்டு பொலிஸ் சொல்லுதில்லை."

அவர் பதில் சொல்லும்வரை காத்திராமல் மறுபடி இலக்கத்தைச் சுழற்றினேன்.